சூரியன் மங்காத ஆண்டு

கடல் நிலத்துக்குள் நுழைந்து, திரும்பிப் போக மனமில்லாமல் கழியாகத் தேங்கிக் கிடந்த ஓரிடத்தில் நெடுங்கழி என்றொரு நாடு இருந்தது. கழியோரம் முழுக்க உப்பளம், அதற்கப்பால் நெல்வயல், வயல்களுக்கு நடுவே எண்பத்திரண்டு ஊர்கள், கழிமுகத்தில் முகத்துறை என்ற தலைநகரம். அவ்வளவுதான் நாடு. இன்றைய வரைபடங்களில் அதைத் தேட வேண்டாம்.

அந்த நாட்டை முதன்முதலில் ஆண்டவர் ஒரு பஞ்சத்தில் பிறந்தவர். பசி என்றால் என்னவென்று அறிந்தவர் என்பதால் அவர் ஒரு சட்டம் செய்தார். ஒவ்வோர் ஆண்டும் உலகத்தில் நடந்தவற்றை ஓலையில் எழுத வேண்டும். உள்நாட்டில் நடந்தது, கடலுக்கு அப்பால் நடந்தது, இரண்டும். அந்த ஆண்டோலையைப் பங்குனிக் கடைசி நாளில் அரசவையில் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கப்பட்ட ஓலையில் ‘வற்கடம்’ என்ற சொல் இருந்தால், அதாவது பஞ்சம் வந்துவிட்டதென்று எழுதியிருந்தால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எண்பத்திரண்டு ஊர்க் களஞ்சியங்களும் அன்றைக்கே திறக்கப்பட வேண்டும். எந்த அரசனும் பசியை மறைத்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். மறைப்பதற்கு ஓலை எழுதுபவனை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நல்லவர்களுக்குச் சில விஷயங்கள் தோன்றுவதில்லை.

நாம் சொல்லப்போகும் ஆண்டில் ஓலை எழுதியவன் சேந்தன் பூதி. நாற்பது கடந்தவன், மனைவியை இழந்தவன், தன் வேலையை நேசித்தவன். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் அதன் தலைவன் முதலில் சேந்தனிடம் வந்து, போன இடங்களின் சேதியைச் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கே யார் அரியணை ஏறினார்கள், எங்கே கோயில் எழுப்பினார்கள், எங்கே நிலம் நடுங்கியது என்று சேந்தன் துருவித் துருவிக் கேட்பான். வடக்கே இரண்டு அரசர்கள் ஒரு பாலத்துக்காகப் போரிட்டார்கள், போர் முடிவதற்குள் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது என்ற சேதியை எழுதிய நாளில் அவன் சாப்பிட மறந்து சிரித்துக்கொண்டிருந்தான் என்பார்கள்.

அரசர் பரிதிமாறன். சூரியனின் வழியில் வந்தவர்கள் என்று அவருடைய குலம் சொல்லிக்கொண்டது. முடிசூட்டு விழாவில் குடிமக்கள் கூவும் வாழ்த்தே ‘பகலைத் தருபவர் வாழ்க’ என்பதுதான். பகல் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தவரை அந்த வாழ்த்தால் யாருக்கும் எந்தத் துன்பமும் இல்லை.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் சூரியன் எழுந்தபோது அது கழுவி வைத்த வெண்கலத் தட்டுப்போல் இருந்தது. கண் கூசாமல் அதைப் பார்க்க முடிந்தது. உச்சிப்பொழுதில் யாருடைய காலடியிலும் நிழல் விழவில்லை. மேகம் போலும், நாளைக்கு விலகிவிடும் என்றார்கள். நாளைக்கும் அப்படியே இருந்தது. பத்து நாள் கழித்தும் அப்படியே இருந்தது. துவைத்த துணி காயவில்லை. பாத்தியில் விட்ட கடல்நீர் நீராகவே கிடந்தது, உப்பு பூக்கவில்லை. மீனை உலர்த்தப் போட்டவர்கள் நாற்றம் தாங்காமல் கொட்டிப் புதைத்தார்கள். சித்திரை மாதத்தில் மக்கள் போர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

வைகாசியில் எயினன் காரி என்பவனுடைய மரக்கலம் துறைக்கு வந்தது. எயினன் இருபது ஆண்டுகளாகச் சேந்தனுக்குச் சேதி சொல்பவன். பாயைச் சுருட்டக்கூடப் பொறுக்காமல் கரைக்கு ஓடி வந்தான்.

“ஐயா, நம்ம ஊர்லயும் இப்படித்தானா?” என்று வானத்தைக் காட்டினான்.

“இப்படித்தான். நீ போன இடத்திலே?”

“எங்க போனாலும் இதே கதைதான். மேற்கே அந்தப் பெரிய மதில் நகரத்துல மத்தியானத்துல விளக்கேத்துறாங்க. திராட்சைக் கொடி பூக்கவே இல்லையாம். கிழக்கே வானத்துல இருந்து மஞ்சப் புழுதி கொட்டுச்சு, நானே கையில அள்ளிப் பாத்தேன். அதுக்கும் வடக்கே, வெயில் காலத்துல பனி விழுந்து கம்புப் பயிரெல்லாம் கருகிப்போச்சு. தெக்குத் தீவுக்காரங்க, எங்கயோ ஒரு மலை வெடிச்சுச்சு, ரெண்டு நாள் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்க.”

“எப்போது தெளியுமாம்?”

“ஒரு வருஷத்துக்குக் குறையாதுன்னு அங்க வானம் பாக்குறவங்க சொல்றாங்க ஐயா. அதனால அவங்க நெல்லு, கோதுமை எல்லாத்தையும் விட்டுட்டு வரகு, சாமை, கிழங்குன்னு போடுறாங்க. குறைஞ்ச வெயில்ல எது வருமோ அது. நம்மாளுங்க கிட்டயும் சொல்லுங்க. ஆடி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கு.”

சேந்தன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு முதலமைச்சரிடம் போனான். முதலமைச்சருக்கு ஒளிநாட்டரையர் என்று பட்டம். அவர் ஓலையை இரண்டு முறை படித்தார்.

“இதில் அரசருடைய பெயர் எங்கே வருகிறது?” என்று கேட்டார்.

“இது உலகச் சேதி, பெருமானே. அரசருடைய பெயருக்கு இதில் இடமில்லை.”

“சூரியனைப் பற்றிய சேதியில் சூரிய குலத்தவருக்கு இடமில்லையா? நன்கு யோசித்துப் பாரும். சூரியன் மங்கிவிட்டது என்று நீர் எழுதினால், மங்கியது எது? குலத்தின் முதல்வர். அவர் மங்கினால், வழித்தோன்றல்?” அரையர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஓலையைச் சுருட்டித் தம் மடியில் வைத்துக்கொண்டார். “சூரியன் மங்கவில்லை. கோடைக் கடுமையைக் குறைக்கும்படி அரசர் தம் மூதாதையை வேண்டினார். அவரும் இசைந்தார். இது குளிர்ந்த ஒளி. இப்படித்தான் நிகழ்ந்தது.”

மறுநாள் அதுவே முரசறைந்து ஆணையாக வெளியானது. ‘மங்கல்’, ‘இருட்டு’, ‘மேகமூட்டம்’ ஆகிய சொற்களைப் பொது இடத்தில் சொல்லக் கூடாது. ‘குளிர்ந்த ஒளி’ என்றே சொல்ல வேண்டும். உப்பு விளையாததற்குக் காரணம் உப்பளத்தாரின் சோம்பல் என்று இன்னோர் ஆணை வந்தது. குளிர்ந்திருந்தாலும் ஒளி ஒளிதான் என்பதால், உச்சிப்பொழுதில் வெளியே வரும் எவரும் குடை பிடித்தே வர வேண்டும் என்று மூன்றாவது ஆணை. குளிரில் நடுங்கிக்கொண்டே மக்கள் ஓலைக்குடைகளைப் பிடித்து நடந்தார்கள். முதல் வாரம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. குடை மட்டும் பழகிவிட்டது.

ஆனி மாதத்தில் நான்காவது ஆணை வந்தது. நெடுங்கழியில் இந்த ஆண்டு நெல் மட்டுமே விதைக்கப்பட வேண்டும். வரகும் சாமையும் வெயிலை நம்பாதவன் போடும் பயிர். அதை விதைப்பவன் அரசரை நம்பாதவன்.

அந்த ஆடியில்தான் சேந்தனுடைய தங்கையின் கணவன் காடன் முகத்துறைக்கு வந்தான். நாணற்குடி என்ற ஊரில் அவனுக்கு ஒன்றரை வேலி நிலம். சேந்தனின் தங்கை இளநங்கை, மூத்த மகள் தத்தை, இளையவள் நீலி, அவன், இந்த நால்வரும் அந்த நிலத்தை நம்பியிருந்தார்கள். காடன் அதிகம் பேசாதவன். வந்து உட்கார்ந்து, வெகுநேரம் குடையின் காம்பைத் திருகிக்கொண்டிருந்தான்.

“மச்சான், ஒண்ணு கேக்கணும். நாத்து விட்டுப் பாத்தேன். வெளுத்துப்போய் நிக்குது. எனக்கு மனசு கேக்கல. மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாமை தெளிச்சிரலாமான்னு பாக்குறேன். ஆணை இருக்குன்னு தெரியும். மறைவாத்தான் செய்யணும். உங்க தங்கச்சி சொன்னா, ‘எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, உலகத்துச் சேதியெல்லாம் அவருக்குத்தான் வரும்’னு.”

எயினன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சேந்தனுக்கு நினைவிருந்தது. சொல்லியிருக்கலாம். வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. ஆனால் நாளைக்குக் காடன் பிடிபட்டால், யார் சொன்னது என்று கேட்பார்கள். காடன் பொய் சொல்லத் தெரியாதவன்.

“நெல்லே போடுங்கள் மாப்பிள்ளை,” என்றான் சேந்தன். “தெளிந்துவிடும் என்றுதான் சொல்கிறார்கள்.”

“யாரு சொல்றா மச்சான்?”

“மாலுமிகள்.”

காடனின் முகம் மலர்ந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான் சேந்தன். விதைநெல்லை ஊறப்போட வேண்டும், நேரமில்லை என்று காடன் அப்போதே கிளம்பிவிட்டான்.

ஐப்பசியில் ஊர்ச்சபைகளில் குடவோலைத் தேர்தல் நடந்தது. வழக்கமாக அது ஊர் வாரியத்துக்கு ஆள் எடுப்பதற்காக நடப்பது. வீட்டுக்கொருவர் ஓலை நறுக்கைக் குடத்தில் போடுவார்கள். இந்த முறை அதோடு இன்னொரு குடமும் வைக்கப்பட்டது. சூரியனைப் பற்றிக் குடிமக்களின் கருத்தை அரசு அறிய விரும்பியது. ‘ஒளி உண்டு’, ‘மிக ஒளி உண்டு’ என்று இரண்டு வகை நறுக்குகளை அதிகாரிகளே எழுதிக் கொண்டுவந்தார்கள். விரும்பியதைப் போடலாம் என்றார்கள். எண்பத்திரண்டு ஊர்களிலும் ‘மிக ஒளி’ வென்றது. மக்கள் தாங்களாகவே இப்படிச் சொல்லிவிட்ட பிறகு தாம் ஐயப்படுவது முறையல்ல என்று ஒளிநாட்டரையர் சபையில் கண் கலங்கிச் சொன்னார்.

அதே மாதத்தில் ஒருநாள் உச்சிப்பொழுதில் அரசர் சேந்தனை அழைத்தார். அரண்மனை மாடத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. தலையை நிமிர்த்திச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிற்படியில் அரையர் நின்றிருந்தார்.

“சேந்தா,” என்றார் அரசர். குரல் தாழ்ந்திருந்தது. “மாலுமிகள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? மற்ற நாடுகளிலும் இப்படித்தானா? அல்லது நம்மிடம் மட்டும் ஏதேனும் குற்றமா?”

பரிதிமாறன் கொடியவர் அல்லர். அந்தக் கேள்வியில் இருந்தது அச்சம். ‘எல்லா நாட்டிலும் இப்படித்தான் அரசே, இது யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் பயிர் விளையாது’ என்று அன்று சேந்தன் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடும். பின்னாளில் சேந்தன் இதை நினைக்காத நாளில்லை. ஆனால் அன்று அவன் வாயிற்படியைப் பார்த்தான்.

“எங்கும் தங்கள் குளிர்ந்த ஒளியைப் பற்றித்தான் பேச்சு, அரசே.”

அரசர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நல்லது,” என்றார். அதற்குப் பின் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

தையில் அறுவடை வந்தது. கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. உள்ளே பால் பிடிக்கவில்லை. அடித்துத் தூற்றியபோது காற்றோடு போனதுதான் அதிகம், களத்தில் விழுந்தது பதர். அதற்கு ‘மெல்லரிசி’ என்று பெயர் வைத்து, அது வயிற்றுக்கு இதமானது என்று அரண்மனை மருத்துவர்கள் சான்றளித்தார்கள். எயினனும் வேறு சிலரும் தொலைதூரத்திலிருந்து கிழங்கும் கேழ்வரகும் ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தார்கள். கூடவே உலகச் சேதியும் வரும் என்பதால் அவர்களைக் கரையேற விடவில்லை. மூன்று நாள் கப்பல்கள் கழிமுகத்தில் நின்றன. கரையில் கூடியவர்களுக்கு மூட்டைகள் கண்ணில் தெரிந்தன. நான்காம் நாள் பாய் விரித்துப் போய்விட்டன.

நாணற்குடியில் காடன் களஞ்சியத்துக்குப் போனான். அங்கே மூன்று ஆண்டு நெல் இருந்தது. காவல் அதிகாரி அவனை உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார்.

“உம்முடைய துன்பம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆண்டோலையில் வற்கடம் என்று படித்தால் திறப்பேன். படிக்காதவரை வற்கடம் இல்லை. இல்லாத வற்கடத்துக்கு எப்படித் திறப்பது?”

“பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க ஐயா.”

“இருக்கலாம். பங்குனிக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்.”

மாசியில் இளநங்கை நடந்தே முகத்துறைக்கு வந்தாள். இரண்டு நாள் நடை. அண்ணன் வீட்டு வாசலில் நின்றவளைச் சேந்தனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவள் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தத்தைக்கு எடுத்துப்போக ஏதாவது பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“நீலிக்கும் சேர்த்து அரிசியே தருகிறேன், இதைக் குடி,” என்றான் சேந்தன்.

“நீலி போயிட்டா அண்ணே.”

சேந்தன் அவளருகே தரையில் உட்கார்ந்தான்.

“தை முடிய ரெண்டு நாள் இருக்கும்போது. காச்சல்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம். காச்சல் இல்லண்ணே.” அவள் அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஏதாவது வேண்டும். “நீ நெல்லு போடச் சொன்னேன்னு அவரு வந்து சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு ஊரெல்லாம் சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் நாலு பேரு சாமையை விட்டுட்டு நெல்லு போட்டாங்க.”

“எனக்குத் தெரிந்திருந்தது, நங்கை,” என்றான் சேந்தன். “தெரிந்தேதான் சொன்னேன். பயந்துவிட்டேன்.”

இளநங்கை அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை.

“இன்னும் தத்தை இருக்கா. அவரு இருக்காரு. ஊர்ல இருநூறு பேரு இருக்காங்க. படிக்கிற நாளுக்கு இன்னும் ஒரு மாசம்தான். பெரிசா ஒண்ணும் எழுத வேணாம் அண்ணே. யாரையும் குத்தம் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தை. அதை மட்டும் படிச்சிரு.”

“படிக்கிறேன்,” என்றான். கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளும் நம்பித் திரும்பிப் போனாள்.

அவன் எழுதவும் செய்தான். அரையருக்குக் காட்டிய ஓலையில் அந்தச் சொல் இல்லை. அவையில் படிப்பதற்கென்று தனியாக எழுதிய ஓலையில் ‘இவ்வாண்டு நெடுங்கழியில் வற்கடம்’ என்று கடைசி வரியாக எழுதி, இடுப்பில் செருகிக்கொண்டான்.

பங்குனிக் கடைசி நாள் வந்தது. முகத்துறையிலிருந்து எண்பத்திரண்டு ஊர்களுக்கும் வழிநெடுக முரசுகள் வைக்கப்பட்டிருந்தன. வற்கடம் என்று படித்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்து, பொழுது சாய்வதற்குள் கடைசி ஊர்வரை சேதி போய்ச் சேரும். நாணற்குடியில் காடன் காலையிலேயே களஞ்சிய வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவை நிறைந்திருந்தது. சேந்தன் எழுந்து படித்தான். மேற்கே மதில் நகரத்தில் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கிழக்கே ஓர் அரசருக்கு ஆண் குழந்தை பிறந்தது. வடக்கே அமைதி. அவன் குரல் நன்றாகவே வந்தது. நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. யாரும் வாளில் கை வைக்கவில்லை. அரையர் பாதி கண்மூடியிருந்தார். அரசர் மட்டும் சற்று முன்னால் சாய்ந்து, எதற்கோ காத்திருப்பவர்போல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி வந்தது. சேந்தன் அதைப் பார்த்தான். அந்த அமைதியில், அத்தனை பட்டாடைகளுக்கு நடுவே, அந்தச் சொல் அநாகரிகமாகத் தெரிந்தது என்றுதான் அவன் பிறகு தங்கையிடம் சொன்னான். அவனிடம் வேறு காரணம் இல்லை.

“உள்நாட்டில் வேறு விசேஷம் எதுவும் இல்லை,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அரசர் மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

காடன் அன்று பொழுது சாயும்வரை முரசுக்காகக் காத்திருந்தான். மறுநாளும் அங்கேயே இருந்தான். முரசு தாமதமாக வரலாம், வழியில் எங்கேனும் ஆள் தூங்கியிருக்கலாம் என்று கேட்டவர்களிடம் சொன்னான். முதலில் அவனோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிக் கூட்டமாக உட்கார்ந்தால் வற்கடம் என்று பொருள்படும் என அதிகாரி சொன்னதும் எழுந்து போய்விட்டார்கள். சித்திரை ஆறாம் நாள் காலையில் காடன் அந்த வாசலிலேயே இறந்து கிடந்தான். காவலர்கள்தான் தூக்கிப்போனார்கள். நாணற்குடியில் அந்தச் சித்திரையில் மட்டும் நாற்பத்தொரு பேர் இறந்தார்கள்.

வைகாசி நடுவில் ஒருநாள் காலையில் சுவரின் மேல் நிழல் விழுந்தது. குழந்தைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. வெயில் ஏறியது. மக்கள் தெருவில் இறங்கி, குடைகளைத் தூக்கி எறிந்து அழுதார்கள், சிரித்தார்கள். ஒளித் திருநாள் அறிவிக்கப்பட்டது. மக்களின் அன்புக்கு இரங்கி அரசர் மூதாதையிடம் மீண்டும் பேசினார், மூதாதையும் முழு ஒளியைத் திருப்பித் தந்தார் என்று முரசறைந்தார்கள். விழாப் பரிசாக எல்லாக் களஞ்சியங்களும் திறக்கப்பட்டன. ஓராண்டு ஈரத்தில் பாதி நெல் பூசணம் பிடித்துக் கிடந்தது. மீதியை வாங்கிக்கொண்டு மக்கள் ‘பகலைத் தருபவர் வாழ்க’ என்று கூவினார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சோறு பொங்கிய அன்று அவர்கள் மனமாரவே கூவினார்கள்.

சேந்தன் அந்த விழாவுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்த ஆண்டை எழுதினான். உலகத்தில் நடந்தது, உள்நாட்டில் நடந்தது, மங்கிய சூரியன், வெடித்த மலை, மஞ்சள் புழுதி, துறையிலிருந்து திரும்பிய கப்பல்கள். யார் யார் என்ன சொன்னார்கள், யார் யார் சும்மா இருந்தார்கள். நெல் விதைக்கச் சொன்னவன் பெயரையும் எழுதினான். பதினோரு ஓலைகள். அவற்றை எடுத்துக்கொண்டு நாணற்குடிக்குப் போய்ச் சபையைக் கூட்டச் சொன்னான்.

காடன் இல்லாததால் அவர்கள் வீட்டின் உரிமையில் இளநங்கை சபைக்கு வந்திருந்தாள். சேந்தன் எல்லாவற்றையும் படித்தான். தன் குற்றத்தைச் சொன்ன இடத்திலும் நிறுத்தாமல் படித்தான். முடித்துவிட்டு, “அரண்மனை ஓலை பொய். இதை உங்கள் சபை மண்டபத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். உங்களுக்கு நடந்தது இதில்தான் இருக்கிறது,” என்றான்.

 வாரியத்து வேளான் கொற்றன் எழுந்தார். அவருடைய தாயும் இரண்டு தம்பிகளும் அந்த ஆண்டு இறந்திருந்தார்கள்.

“நீங்க படிச்சதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல ஓலைக்காரரே. ஆனா இது மண்டபத்துல இருந்தா நாளைக்கு எங்க பிள்ளைங்க படிக்கும். ‘மிக ஒளி’ன்னு ஓலை போட்டது யாருன்னு கேக்கும். அதுக்கு நாங்க என்ன சொல்றது?”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “காடன் ஒத்தையா உக்காந்திருந்தப்ப நாங்க எழுந்து போனோமே, அதையும் எழுதியிருக்கீங்க. நாங்க அதை எப்படியாவது மறக்கணும்னு பாக்குறோம். வெயில் வந்திருச்சு. நாத்து பச்சையா நிக்குது. விட்டுருங்களேன்.”

குடவோலைக்கு விட்டார்கள். இந்த முறை அதிகாரிகள் யாரும் இல்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. நறுக்குகளை அவர்களே எழுதிக்கொண்டார்கள். குடத்தைக் கவிழ்த்து எண்ணியபோது ‘வைப்போம்’ என்று ஐந்து, ‘வேண்டாம்’ என்று அறுபத்திரண்டு.

சேந்தன் ஓலைகளைக் கட்டிக்கொண்டு எழுந்தான். இளநங்கை ஊர் எல்லைவரை கூட வந்தாள்.

“நானும் வேணாம்னுதான் போட்டேன் அண்ணே.”

“நீயுமா? காடனுக்காகவாவது...”

“தத்தை இந்த ஊர்லதான் வாழணும். எழுந்து போனவங்க வீட்டுக்குத்தான் அவ மருமகளாப் போகணும்.” எல்லைக்கல்லருகே அவள் நின்றாள். “அதுக்காக மட்டும் இல்ல. இதை எழுதினதுல உனக்குப் பாரம் இறங்கியிருக்கும். இறங்கட்டும், நீ என் அண்ணன். ஆனா படிக்க வேண்டிய நாளுன்னு ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்குப் படிக்கலியே. இப்ப படிச்சா யாரு எழுந்து வரப்போறாங்க?”

 அவள் திரும்பி வரப்பின்மேல் நடந்து போனாள். இருபுறமும் பயிர் நன்றாக இருந்தது.

முகத்துறையில் துறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். எயினனின் மரக்கலம் நின்றிருந்தது. சேந்தன் ஓலைக்கட்டை அவனிடம் நீட்டினான்.

“இதை எங்காவது கொண்டுபோய்க் கொடுத்துவிடு. எந்த நாடாக இருந்தாலும் சரி.”

“கொடுக்குறேன் ஐயா. ஆனா அங்க யாருக்கு நம்ம எழுத்து தெரியும்?”

“தெரியாவிட்டால் பரவாயில்லை,” என்றான் சேந்தன்.

பதவியை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் அவன் அரண்மனைக்குப் போனான். ஒளிநாட்டரையர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து அமர வைத்தார். நாணற்குடியில் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை.

“மக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் நான் சொல்ல என்ன இருக்கிறது? உம்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பழைய வழக்கத்தின் மேல்தான் வருத்தம். எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதுவது என்று வைத்திருக்கிறோம். நிகழ்ச்சிகளோ நம்மைக் கேட்டுக்கொண்டு நிகழ்வதில்லை. அதனால் எழுதுபவருக்கு மனவேதனை, படிப்பவருக்குச் சங்கடம். உம்மைப் போன்ற நல்லவர்கள் ஏன் அந்தத் துன்பத்தைப் பட வேண்டும்? இனி ஆண்டு தொடங்கும்போதே ஆண்டோலையை எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த ஆண்டில் ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது, பாதகமில்லை. இந்த ஆண்டுக்கும், முடிந்தால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடும்.”

“உள்நாட்டில் நடக்கப்போவதையா, பெருமானே?”

“உலகத்தில் நடக்கப்போவதையும்தான்.”

சேந்தன் வெளியே பார்த்தான். சாளரத்துக்கு வெளியே வெயில் கண் கூசும்படி அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் உப்பு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் அவனைத் தடுத்திருக்க மாட்டார்கள். அரையர் புதிய ஓலையை அவன் முன்னால் வைத்து, எழுத்தாணியை அதன்மேல் வைத்துவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாதென்று ஓசைப்படாமல் வெளியே போனார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாது, ஆகவே தன்னால் எழுத முடியாது என்றே சேந்தன் நினைத்தான். எழுத்தாணியை எடுத்தான். முதல் வரி எளிதாகவே வந்தது.